ஹார்ப் கிட்டார்: அந்தக் கூடுதல் தந்திகள் எதற்கு?

ஹார்ப் கிட்டாரை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இத்தனை தந்திகளையும் எப்படி விரலால் அழுத்துவது?" அழுத்துவதில்லை. அழுத்த முடியாத இடத்தில்தான் பாதித் தந்திகள் கட்டப்பட்டிருக்கின்றன. அதற்காகவே அவை அங்கே இருக்கின்றன.

இந்தக் கருவியைப் பற்றிய பேச்சில் பல விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. இரண்டு கழுத்துள்ள கிட்டாரை ஹார்ப் கிட்டார் என்கிறார்கள். பன்னிரண்டு தந்திக் கிட்டாரையும் அப்படியே சொல்கிறார்கள். சிதாரில் அடியில் ஓடும் தந்திகளும் இதுவும் ஒன்றுதான் என்பவர்கள் உண்டு. தந்தி எத்தனை கூடுகிறதோ ஒலியும் அத்தனை கூடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், விசித்திரமாகத் தோன்றும் எந்தத் தந்திக் கருவியும் நமக்குப் பிடிபட்டுவிடும்.

யாழும் வீணையும்

தமிழில் யோசித்தால் இந்த விஷயம் எளிதாக விளங்குகிறது. நம்மிடம் யாழ் இருந்தது (ஆங்கிலத்தில் ஹார்ப் என்பது இந்த வகைதான்), வீணை இருக்கிறது. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். ஏழு சுரம் வேண்டுமென்றால் ஏழு நரம்பு கட்ட வேண்டும். பேரியாழுக்கு 21 நரம்பு என்று பழைய உரைகள் கணக்குச் சொல்வது இதனால்தான். வீணையில் அப்படியில்லை. ஒரே தந்தியை வெவ்வேறு இடங்களில் அழுத்தி, ஒலிக்கும் நீளத்தைக் குறைத்துக் குறைத்து, பல சுரங்களை எடுத்துவிடலாம். அழுத்த வேண்டிய இடங்களைக் காட்டும் குறுக்குக் கம்பிகளுக்கு மெட்டு என்று பெயர். வீணையைப் போலவே கிட்டாரும் மெட்டுள்ள கருவி.

ஊதும் கருவிகளிலும் இதே வேறுபாடு உண்டு. புல்லாங்குழலில் குழல் ஒன்று. துளைகளை மூடித் திறந்து சுரங்களைப் பெறுகிறோம். நீளம் குறைந்துகொண்டே வரும் பல குழல்களை வரிசையாகச் சேர்த்துக் கட்டினால் குழலுக்கு ஒரு சுரம்.

இரண்டு முறைக்கும் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. மெட்டுள்ள கருவியில் நாலைந்து தந்திகளே போதும். கமகமும் நெளிவும் கைவசப்படும். ஆனால் விரலை எடுத்த மறுகணம் அந்தச் சுரம் செத்துவிடுகிறது. கை அடுத்த இடத்துக்கு நகர்ந்தாக வேண்டும், நகர்ந்தால் பழைய சுரம் போய்விடும். யாழ் வகையில் சுரத்தை நெளிக்க முடியாது. ஆனால் ஒரு நரம்பை மீட்டிவிட்டுக் கையை வேறு வேலைக்கு அனுப்பலாம். நரம்பு தன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருக்கும்.

இதுவரை பார்த்ததன் சாரம்: அழுத்தும் தந்தி பல சுரம் தரும், ஆனால் விரலைக் கேட்கும். அழுத்தாத தந்தி ஒரே சுரம் தரும், ஆனால் விரலை விடுவிக்கும். இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் பூட்டிய கருவிதான் ஹார்ப் கிட்டார்.

எது ஹார்ப் கிட்டார், எது இல்லை

வழக்கமான ஆறு தந்திகள் மெட்டுகளின் மேல் ஓடுகின்றன. அவற்றைத் தாண்டி, வாசிப்பவரின் முகத்துக்கு நெருக்கமான பக்கத்தில், மெட்டு எதுவுமே இல்லாமல் காற்றில் நீட்டிக் கட்டப்பட்ட தந்திகள் இன்னொரு வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலும் அவை கிட்டாரின் கடைசித் தந்தியைவிடவும் தாழ்ந்த சுரங்கள். வலது கைக் கட்டைவிரல் எட்டிப்போய் அவற்றைத் தட்டும். மெட்டில்லாத, தனித்தனியே மீட்டக்கூடிய தந்திகள் கூடுதலாக இருக்க வேண்டும். ஹார்ப் கிட்டாருக்கான இலக்கணம் இவ்வளவுதான்.

இந்த இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் குழப்பங்கள் உதிர்ந்துவிடுகின்றன. இரண்டு கழுத்துக் கிட்டாரில் இரண்டு கழுத்திலும் மெட்டு உண்டு. அது இரண்டு கிட்டார்களை ஒட்டியது. பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் தந்திகள் ஜோடி ஜோடியாக நெருங்கி நிற்கும். ஒரு விரல் இரண்டையும் சேர்த்தே அழுத்தும். ஆறு தந்திக் கிட்டாரின் வாசிப்பு முறையில் எந்த மாற்றமும் இல்லை, ஒலிதான் மினுக்குகிறது.

பெயரை மட்டும் நம்பினால் ஏமாற வேண்டியிருக்கும். 1831-இல் பிலடெல்பியாவில் எமிலியஸ் ஷெர் என்பவர் 'ஹார்ப் கிட்டார்' என்ற பெயரிலேயே காப்புரிமை வாங்கினார். அதன் உடல் தரையைத் தொடும் அளவுக்கு நீண்டிருந்தது. ஆனால் தந்தி ஆறேதான். கூடுதல் தந்தி ஒன்றுகூடக் கிடையாது! மறுபக்கம், வியன்னாவில் கொன்ட்ரா கிட்டார் என்று அழைக்கப்படும் கருவிக்கு ஆறு தந்திகளோடு ஒன்பது தாழ்சுரத் தந்திகள் உண்டு. பெயரில் ஹார்ப் இல்லாவிட்டாலும் அதுவும் இந்தக் குடும்பம்தான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷ்ராம்மல் சகோதரர்களின் இசைக்குழுவில் இரண்டு வயலின்களுக்கும் அடியில் பாய் விரித்ததுபோல் ஒலித்தது அதுவே.

அமெரிக்காவில் இந்தக் கருவி இரண்டு விதமாக வளர்ந்தது. கிப்சன் நிறுவனம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேண்டலின் குழுக்களுக்காகப் பெரிய ஹார்ப் கிட்டார்களைச் செய்தது. அவற்றில் பொதுவாகப் பத்துத் தாழ்சுரத் தந்திகள். நார்வேயிலிருந்து குடியேறிய கிறிஸ் நட்சன் வேறு வழியில் போனார். அவர் வடிவமைத்த கிட்டாரின் உடல் ஒரு பக்கம் கை நீட்டியதுபோல் மேலே வளர்ந்து செல்லும். அந்தக் கை உள்ளே வெற்றிடம், பெட்டியின் தொடர்ச்சி. கூடுதல் தந்திகள் அந்தக் கையின் நுனியில் பூட்டப்பட்டிருக்கும். இதே பாணியில் சிகாகோவின் லார்சன் சகோதரர்கள் செய்து, டயர் என்ற பெயரில் விற்கப்பட்டவை இன்றுவரை கைவினைஞர்களுக்கு முன்மாதிரி. என் கண்ணுக்கு அதைவிட அழகான கிட்டார் உருவம் இன்னும் படவில்லை.

தந்தி தாழ்ந்து ஒலிக்க மூன்று வழி

தாழ்சுரத் தந்தியைக் கட்டுவது என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். அதில்தான் சிக்கலே. தந்தி ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற எண்ணிக்கைக்கு அதிர்வெண் என்று பெயர். எண்ணிக்கை குறைந்தால் சுரம் தாழும். அதைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு: தந்தியை நீளமாக்கலாம், தளர்த்தலாம், கனமாக்கலாம்.

கிட்டாரின் தாழ்ந்த தந்தியை எடுத்துக்கொள்வோம். ஒலிக்கும் நீளம் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். அதிர்வெண் நொடிக்குச் சுமார் 82. இதை ஒரு ஸ்தாயி இறக்கி 41 ஆக்க வேண்டும். நீளத்தால் சாதிப்பதென்றால் 130 சென்டிமீட்டர் வேண்டும். தளர்த்திச் சாதிப்பதென்றால் இழுவிசையை நான்கில் ஒரு பங்காக்க வேண்டும். தந்தி தொங்கிப்போய்ச் சலசலக்கும். கனத்தால் சாதிப்பதென்றால் எடை நான்கு மடங்காக வேண்டும். ஒரே பொருளில் அதைச் செய்தால் தடிமன் இரண்டு மடங்காகும். அவ்வளவு தடித்த தந்தி வளைய மறுக்கும், கம்பி போலாகிவிடும், ஒலி மங்கும்.

பழைய ஐரோப்பியக் கருவிகளின் விநோத உருவங்களுக்குக் காரணம் இந்தக் கணக்குதான். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியில் தோன்றிய தியோர்போ என்ற தந்திக் கருவியைப் படத்தில் பார்த்தவர்கள் அதன் கழுத்தை மறக்க முடியாது. கருவி ஆளுயரத்தைத் தொடும். சில அதையும் தாண்டும். வேடிக்கைக்காக நீட்டிய கழுத்து இல்லை அது. அன்று கையிலிருந்தது பெரும்பாலும் ஆட்டுக் குடலில் முறுக்கிய நரம்புதான். தடிமனாக்கினால் மங்கும் என்பதால் நீளமாக்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பாடுபவரோடு சேர்ந்து வாசிக்க ஆழமான சுரம் தேவைப்பட்டது. அதற்குக் கழுத்துதான் விலை கொடுத்தது.

17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நரம்பின் மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றும் வித்தை பரவியது. கம்பிச் சுற்று எடையைக் கூட்டுகிறது. உள்ளே இருக்கும் நரம்பு மெலிதாகவே இருப்பதால் தந்தி நன்றாக வளைகிறது. கனமும் கிடைத்தது, நெகிழ்வும் போகவில்லை. வீட்டிலுள்ள கிட்டாரின் தடித்த தந்தியை நகத்தால் நெடுக வருடிப் பாருங்கள். கரகரவென்று நகத்தில் படுவது அந்தச் சுற்றுதான். இந்தச் சுற்றுத் தந்தி இருப்பதால்தான் ஹார்ப் கிட்டாரின் கை, தியோர்போவின் கழுத்தளவுக்கு நீள வேண்டியதில்லை.

ஆக, கருவியின் உருவம் பெரும்பாலும் தந்தியின் நீளம், இழுப்பு, கனம் ஆகிய மூன்றுக்கும் இடையிலான பேரம். வளைவும் நெளிவும் அதற்குப் பிறகுதான்.

தொடாமலே ஒலிக்கும் தந்தி

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இது. அதனால் இங்கே சற்று நின்று பார்ப்போம்.

ஓடும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியைக் கவனித்திருப்பீர்கள். எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடும்போது மட்டும் கண்ணாடி கடகடவென்று ஆடும். வேகம் கூடினால் நின்றுவிடும், குறைந்தாலும் நின்றுவிடும். ஊஞ்சலிலும் இதே கதைதான். அதன் போக்குக்கு ஏற்ற நேரத்தில் சிறு தள்ளல் கொடுத்தால் உயர உயரப் போகிறது. தப்பான நேரத்தில் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் தடுமாறுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தனக்குப் பிடித்த அதிர்வெண் ஒன்று உண்டு. வெளியிலிருந்து அதே அதிர்வெண்ணில் ஓர் அதிர்வு வந்தால் அந்தப் பொருள் தானும் சேர்ந்து அதிரத் தொடங்கும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

ஒரு கிட்டார் கிடைத்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுருதி சரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நெல்மணி அளவுக்குத் துண்டுக் காகிதம் ஒன்றை நடுவில் மடித்து, ஐந்தாவது தந்தியின் நடுப்பகுதியில் குதிரைச் சவாரி போல உட்கார வையுங்கள். இப்போது ஆறாவது தந்தியை நான்காவது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். காகிதம் சும்மா இருக்கும். கொஞ்சம் சிணுங்கினாலும் விழாது. அடுத்த மெட்டில், ஐந்தாவதில் அழுத்தி மீட்டுங்கள். காகிதம் படபடவென்று துடித்துத் தூக்கி எறியப்படும். ஐந்தாவது தந்தியை யாரும் தொடவில்லை. இரண்டும் நொடிக்கு 110 அதிர்வு என்ற ஒரே சுரத்தில் நின்றதுதான் காரணம். இதைப் பலமுறை செய்திருக்கிறேன். அந்தக் காகிதம் எழும்பும்போது இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

இந்த ஒத்ததிர்வுக்காகவே கட்டப்படும் தந்திகள் ஒரு தனி வகை. சிதாரில் வளைந்த மெட்டுகளுக்கு அடியில் பதினொன்று முதல் பதின்மூன்று வரை மெல்லிய தந்திகள் ஓடுகின்றன. தரப் என்று அவற்றைச் சொல்வார்கள். சாரங்கியில் வில் படும் தந்தி மூன்றுதான், ஒத்ததிரும் தந்திகளோ முப்பதைத் தாண்டும். நார்வேயின் ஹார்டங்கர் பிடிலில் வழக்கமான நான்கு தந்திகளுக்குக் கீழே நான்கைந்து தந்திகள் மறைந்திருக்கின்றன. வயோலா தாமோரே என்ற, வில் போட்டு வாசிக்கும் ஐரோப்பியக் கருவியில் பெரும்பாலும் மேலே ஏழு, கீழே ஏழு. வாசிக்கும்போது இந்தத் தந்திகளைத் தேடிப் போய் மீட்ட வேண்டிய அவசியம் இல்லை. மேலே ஒரு சுரம் பிறந்தால் அதற்குச் சொந்தமான தந்தி கீழே விழித்துக்கொள்கிறது.

ஹார்ப் கிட்டாரின் கூடுதல் தந்திகள் மீட்டுவதற்காகக் கட்டப்பட்டவை; சிதாரின் தரப் முதன்மையாக ஒத்ததிர்வதற்காகக் கட்டப்பட்டவை. எனவே இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவர்களிடம் பாதி உண்மை இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மீட்டாமல் விட்டாலும் ஹார்ப் கிட்டாரின் தாழ்சுரத் தந்திகள் சும்மா இருப்பதில்லை.

ஒரு தந்தி முழு நீளத்துக்கும் ஒரே வளைவாக மட்டும் அதிர்வதில்லை. அதே சமயம் இரண்டு பாதியாகவும், மூன்று பங்காகவும், நான்கு பங்காகவும் அதிர்கிறது. அடிப்படைச் சுரத்துக்கு மேலே இப்படிப் பிறக்கும் மெல்லிய சுரங்கள்தான் மேற்சுரங்கள். நொடிக்கு 55 முறை அதிரும் தாழ்சுரத் தந்திக்கு 110, 165, 220, 275, 330 எல்லாம் மேற்சுரங்கள். கிட்டாரின் மேல்தந்திகளில் இவற்றில் எதை வாசித்தாலும் அந்தத் தாழ்ந்த தந்தி தன் உடலின் ஒரு பங்கால் பதில் சொல்லும். ஐந்து தாழ்சுரத் தந்திகள் நின்றால் ஐந்தும் இப்படிக் காது கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. தாழ்ந்த தந்தி ஒன்றைக்கூடத் தொடாமல் சாதாரணப் பாட்டு ஒன்றை வாசித்தாலே, பெரிய மண்டபத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல ஒரு வால் ஒலிக்குப் பின்னால் நீள்வது இதனால்தான்.

சுருக்கிச் சொன்னால்: கூடுதல் தந்திக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, கட்டைவிரல் தட்டினால் ஆழ்ந்த சுரம் தருவது. மற்றொன்று, தட்டாதபோதும் பக்கத்துச் சுரங்களுக்கு உடன் அதிர்வது. தரப் தந்திகளுக்கு இரண்டாவதே முதன்மை வேலை. ஹார்ப் கிட்டாரில் முதலாவது முதன்மை, இரண்டாவது இனாம்.

தந்தி கூடினால் ஒலி கூடுமா?

தந்தி தனியாக ஒலிப்பது காதுக்கு எட்டாத அளவுக்குச் சின்னது. அவ்வளவு மெல்லிய ஒன்றால் காற்றைத் தள்ள முடியாது. தந்தியின் அதிர்வை வாங்கி மரப்பலகைக்குக் கடத்தும் சின்னத் தாங்கிக்குக் குதிரை என்று பெயர். குதிரை தள்ள, மேற்பலகை அசைய, பலகை காற்றை அசைக்கிறது. நாம் கேட்பது பலகையை.

பலகை மெலிதாக இருந்தால் நன்றாக அசையும். ஆனால் அதன் மேல் ஏறும் சுமையைப் பாருங்கள். சாதாரண உலோகத் தந்திக் கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. ஒரு பெரிய ஆள் தொங்குவதுபோல! தந்திகளைக் கூட்டக் கூட்ட இந்த இழுப்பும் ஏறும். பலகை பிய்ந்துவிடாமலிருக்க உள்ளே மரச்சட்டங்களைப் பலப்படுத்த வேண்டும். பலப்படுத்தினால் பலகை விறைத்துவிடும், அசைவு குறையும். அதனால் தந்திகளைக் கூட்டினால் மட்டும் ஒலி கூடிவிடாது. கைவினைஞர் தடுமாறினால் குறையவும் செய்யும். கூடுவது ஒலியின் அகலமும் நீட்சியும்தான்.

இந்தச் சண்டையின் உச்சத்தை 1984-இல் கனடாவின் லிண்டா மான்சர் செய்த பிக்காசோ கிட்டாரில் பார்க்கலாம். ஜாஸ் கலைஞர் பேட் மெத்தனிக்காக அவர் செய்தது: நான்கு கழுத்துகள், 42 தந்திகள், ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும் தந்தி வரிசைகள். இவ்வளவையும் தாங்கும் பெட்டி தடிமனாக இருந்தால் வாசிப்பவர் தலையை நீட்டி எட்டிப் பார்க்கவேண்டி வரும். அதற்காக மான்சர் பெட்டியை ஆப்பு வடிவில் செய்தார். மார்புப் பக்கம் மெலிந்து, தொடைப் பக்கம் தடித்து. பார்ப்பவர்கள் தந்திகளை எண்ணுகிறார்கள். நான் வியப்பது அந்தச் சரிவை.

ஈர்ப்பு எங்கே இருக்கிறது

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் ஹார்ப் கிட்டார் ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது. பிறகு 1980-களில் மைக்கேல் ஹெட்ஜஸ் என்ற கிட்டார் கலைஞர் அரை நூற்றாண்டுக்கும் மேல் பழைய டயர் கருவி ஒன்றைக் கையிலெடுத்தார். இடது கை விரல்களால் மெட்டின் மேல் தட்டியே சுரம் எழுப்பும் உத்தியில் அவர் தேர்ந்தவர். அப்படித் தட்டும்போது வலது கைக்கு ஓய்வு கிடைக்கிறது. அந்தக் கை தாழ்ந்த தந்திகளுக்குப் போய்விட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுகிறார். 1997-இல் விபத்தில் அவர் இறந்தபோது, இந்தக் கருவியை வாசிக்க வேண்டும் என்ற ஆசையை ஒரு தலைமுறைக்கே விட்டுச் சென்றிருந்தார்.

கேட்கும்போது வெளியே தெரியாத ஒரு வேலை இதில் உண்டு. தாழ்ந்த தந்தியை மீட்டுவது எளிது. அதை நிறுத்துவதுதான் கடினம். அது பத்து விநாடிக்கு மேலும் ஒலிக்கும். இடையில் பாட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டால் பழைய சுரம் புதியதோடு முட்டிக்கொள்ளும். ஆகவே கட்டைவிரல் ஒரு தந்தியைத் தட்டிய கையோடு, முன்பு தட்டிய தந்தியின் மேல் தன் பக்கவாட்டுச் சதையை ஒற்றி எடுக்க வேண்டும். அருகில் உட்கார்ந்து பார்த்தால் அந்த விரல் அடிப்பதைவிட அணைப்பதே அதிகம் என்று தெரியும். பாட்டுக்குப் பாட்டு இந்தத் தந்திகளின் சுருதியை மாற்றிச் சேர்க்கவும் வேண்டும். அழுத்தி மாற்ற வழியில்லாததால், எந்தச் சுரங்கள் வேண்டும் என்று வாசிப்பவர் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும்.

புதிதாக ஒரு கருவியைப் பார்த்தால்

தந்திகளை எண்ணாதீர்கள். ஒவ்வொரு வரிசையையும் பார்த்து, அதன் அடியில் விரல் அழுத்த இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், மீட்டும் விரல் அங்கே எட்டுமா என்று கேளுங்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவின் கோராவில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். அரைச் சுரைக்குடுக்கை மேல் தோல் போர்த்தி, நீண்ட கழுத்து வைத்த கருவி. கழுத்தைப் பார்த்ததும் வீணை இனம் என்று தோன்றும். ஆனால் தந்திகள் கழுத்தை ஒட்டி ஓடாமல், நிமிர்ந்து நிற்கும் குதிரையின் இருபுறமும் இரண்டு வரிசையாக விரிகின்றன. அழுத்த இடமே இல்லை. ஆகவே கோரா கழுத்துள்ள யாழ். அதற்கும் 21 தந்திகள். பேரியாழின் கணக்கோடு பொருந்துவது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

பாரிட்டோன் இன்னும் நுட்பமானது. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இருந்த வில்லிசைக் கருவி அது. முன்பக்கம் வில் போட்டு வாசிக்கும் ஆறேழு நரம்புகள். கழுத்தின் பின்பக்கம் திறந்திருக்கும். அதற்குள் உலோகத் தந்திகள் வரிசையாக ஓடும். வில் முன்னே இழுக்கும்போது அவை ஒத்ததிரும்; அப்போது அவை தரப். வேண்டும்போது கழுத்தைப் பிடித்திருக்கும் இடது கையின் கட்டைவிரல் பின்னாலிருந்து அவற்றை மீட்டும்; அப்போது அவை ஹார்ப் கிட்டாரின் தந்திகள். எஸ்டர்ஹாசி இளவரசர் நிக்கோலஸ் இதை ஆசையாக வாசித்தார். அவரிடம் பணியாற்றிய இசையமைப்பாளர் ஹைடன் இந்த ஒரு கருவிக்காக 120-க்கும் மேற்பட்ட மூவர் இசைப் படைப்புகளை எழுதினார். இன்று அவற்றை வாசிப்பவரைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், வில்லை விட்டுவிட்டுக் கழுத்தின் பின்னால் இருக்கும் அந்தக் கட்டைவிரலைக் கவனியுங்கள்.